சார்ட்டில் இல்லாத ஆள்

1

போன புதன்கிழமை எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் வடக்கே, வெயில் அடித்தால் அதைப் பற்றியே வாரம் முழுக்கப் பேசிக்கொள்ளும் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லம் ஒன்றுக்கு நான் மேனேஜர். வேலைக்குச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆனதற்காக ஒரு கேக், வட்டார அலுவலகத்திலிருந்து வந்த அம்மாளின் கைகுலுக்கல், சட்டம் போட்ட ஒரு தாள்.

தாளில் இருந்தது ஆரோக்கியம் என்ற என் பெயர் இல்லை, அப்பாவின் பெயர். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்ற அப்பாவை பாஸ்போர்ட்டில் விரித்து எழுதினார்கள். இங்கே வந்ததும் அதுவே என் குடும்பப் பெயர் என்று ஆகிவிட்டது. திருத்துவதற்கு ஒரு காலத்தில் அலைந்தேன். ஒரு அலுவலகம் முதலில் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டு வா என்றது. பாஸ்போர்ட்காரர்கள் முதலில் இங்குள்ள அட்டையை மாற்றிக்கொண்டு வா என்றார்கள். அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து, திருச்சிப் பக்கம் ஆவூரில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆன சூசைமாணிக்கம் இந்த ஊரில் ஷிப்ட் போடுகிறார், லீவு மறுக்கிறார், ஹீட்டர் ரிப்பேர்காரரிடம் கெஞ்சுகிறார்.

பணி நேரத்தை அறிவியல் முறைப்படி வகுத்து, அந்தத் திட்டத்திலிருந்து விலகாமல் இல்லத்தை நடத்தியதற்காக இந்தப் பாராட்டு என்று தாளில் எழுதியிருந்தது. அந்த அம்மாள் அதை உரக்க வாசித்தபோது, தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஜோய் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். பிலிப்பைன்ஸ்காரி, எங்கள் இல்லத்தில் என் அளவுக்குப் பழைய ஆள். அவள் சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரிந்தது. நான் கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

2

ஜோய் ஏன் சிரித்தாள் என்று சொல்கிறேன்.

எங்கள் இல்லத்துக்கு எந்த நேரம் எத்தனை பேர் வேலைக்கு வர வேண்டும், யார் யாரோடு சேர வேண்டும் என்பதை ஒரு மென்பொருள் தீர்மானிக்கிறது. குளிப்பாட்ட இத்தனை நிமிஷம், ஊட்டிவிட இத்தனை நிமிஷம், மாத்திரை கொடுக்க இத்தனை நிமிஷம் என்று யாரோ ஒரு காலத்தில் எங்கேயோ நின்று அளந்திருக்கிறார்கள். அதையெல்லாம் கூட்டிப் பெருக்கி, கலர் கலராகக் கட்டம் போட்டு, வாரா வாரம் அனுப்பிவிடும். திருச்சியில் எம்.பி.ஏ. படித்தபோது நான் விழுந்து விழுந்து படித்தது இந்தப் பாடத்தைத்தான். அந்தப் படிப்புதான் எனக்கு இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தது. கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் கட்டம் வந்த மறுநாள் காலையில் நான் செய்வது வேறு. கட்டத்தில் இருக்கும் ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல். இன்னொருத்தியின் கார் குளிரில் கிளம்பாது. மாடியறைக் கிழவருக்கு மனைவி இறந்த நாள் வருகிறது, அன்றைக்கு அவர் தெரிந்த முகம் தவிர யாரையும் கிட்டே விட மாட்டார். இதற்கெல்லாம் மென்பொருளில் இடம் இல்லை. நான் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். ஒருத்தியிடம் கெஞ்சுவேன், ஒருத்தியைச் சீண்டுவேன், இந்த ஒரு தடவை காப்பாற்று, கிறிஸ்துமஸுக்கு உன்னைக் கூப்பிட மாட்டேன் என்பேன். வாரம் எப்படியோ ஓடி முடிந்ததும், நடந்ததையெல்லாம் திட்டம் என்று மென்பொருளுக்குள் பதிந்துவிடுவேன். எங்கள் இல்லத்தில் திட்டமும் நடப்பும் அப்படி ஒத்துப்போவதன் ரகசியம் அவ்வளவுதான்.

மார்கரெட் என்று இந்த ஊர்க்காரி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் ஜோய்க்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. இருவரையும் ஒரே ஷிப்டில் போடக் கூடாது என்று வட்டார அலுவலகமே மென்பொருளில் தடை வைத்திருக்கிறது. கனமான ஆளைக் கட்டிலிலிருந்து தூக்க வேண்டிய நாளில் நான் அந்த இருவரைத்தான் சேர்த்துப் போடுவேன். ஒருத்தி மூச்சு இழுப்பதைக் கேட்டு இன்னொருத்தி தூக்குவாள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள், படுத்திருப்பவருக்குத் துளி வலிக்காது. இதை எழுத்தில் கொடுத்தால் மறுநாளே நிறுத்திவிடுவார்கள். அதனால் இதை மட்டும் எழுதுவதில்லை.

புதிதாக வரும் மேனேஜர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். முறையைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன், தோட்டத்துப் பக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. போன மாதம் ஒரு இளைஞன், நீங்கள் உங்கள் இல்லத்தில் இப்படித்தான் செய்கிறீர்களா என்று கையைத் தூக்கிக் கேட்டான். டீ குடிக்க இடைவேளை விட்டேன்.

3

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அக்கா ஸ்டெல்லா ஆவூரிலேயே அடுத்த தெருவில் இருக்கிறாள், ஆனால் அரசுப் பள்ளியில் டீச்சர். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். தம்பி சேவியர் திருச்சியில் வேலை பார்க்கிறான். நான் இங்கே.

லீவு கேட்டுப் போனபோது விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பெற்றோர் இறந்தால் எத்தனை நாள் என்று அதில் இருந்தது. படுத்துவிட்டால் என்ன என்று இல்லை. அந்த வருஷத்து லீவு முழுவதையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பாவோடு இருந்த வாரங்கள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. திரும்பி வருகிற விமானத்திலேயே லேப்டாப்பைத் திறந்து ஒரு சார்ட் போட்டேன். அக்காவுக்குப் பச்சை, சேவியருக்கு நீலம், பகல் நேரத்துக்கு அமர்த்தியிருந்த லில்லி என்ற பெண்ணுக்கு ஆரஞ்சு. யாருக்கும் பாரம் கூடாமல், ஒரு மணி நேரமும் காலியாக விடாமல், பார்க்க அழகாக வந்தது. எனக்குத் தெரிந்த வித்தையை முதல்முறையாக அப்பாவுக்காகச் செய்கிறேன் என்று கண் கலங்கினேன். பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அந்தச் சார்ட்டில் நானும் ஒரு தடை வைத்தேன். அக்காவின் வீட்டுக்காரர் செபஸ்தி மச்சானை எந்தக் கட்டத்திலும் போடவில்லை. அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் இதுதான். அப்பா ஹெட்மாஸ்டராக இருந்த கடைசி வருஷங்களில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். அவர் வீடு வீடாகப் போய், பிள்ளையை நம்ம பள்ளிக்கூடத்திலேயே சேருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில், மச்சான் தன் மகளை விராலிமலைப் பக்கம் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டார். மஞ்சள் வேன் பேத்தியை ஏற்றிக்கொண்டு அப்பாவின் பள்ளிக்கூட வாசல் வழியாகவே போனது. அன்றோடு சரி. அதற்குப் பிறகும் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் இருவரும் வருவார்கள். ஒரே பந்தியில் உட்காருவார்கள். ஈஸ்டர் தேருக்கு ஒரே வடத்தில் கை வைத்து இழுப்பார்கள். ஆனால் ஒரு வார்த்தை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்திய நேரம் மாலை ஆறு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவேன். அக்கா ரிப்போர்ட் சொல்வாள். லில்லி நேரத்துக்கு வந்தாள், சேவியர் வந்து பார்த்துவிட்டுப் போனான், எல்லாம் சார்ட் படிதான் ஓடுகிறது. அப்பா வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். நான் சின்னச் சின்னத் திருத்தங்கள் சொல்வேன். அக்கா சரி சரி என்று கேட்டுக்கொள்வாள். ஒரு தடவை பேச்சு முடியும்போது, ரொம்ப தேங்க்ஸ்க்கா என்று சொல்லிவிட்டேன். இங்கே பஸ் டிரைவரிலிருந்து எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது. "யாருக்குடா தேங்க்ஸ் சொல்ற?" என்றாள் அக்கா. அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது.

4

சான்றிதழ் கிடைத்த புதன்கிழமைக்கு வருகிறேன். கேக் தீர்ந்து கூட்டம் கலைந்ததும் அந்தத் தாளை அப்பாவிடம் காட்ட வேண்டும் போல் இருந்தது. அவர் பெயர்தானே. இங்கே நடுப்பகல், அங்கே நாலரை மணி. சார்ட் படி லில்லி இருக்கிற நேரம். கூப்பிட்டேன்.

அப்பா படுத்த புதிதில் என்னோடு ஊருக்கு வந்திருந்தபோது, தாத்தா இடது கையால் பட்டனைத் தேடித் தடவுகிறார் என்று என் மகள் நிவேதா ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள். நான் கூப்பிட்டால் மட்டும் அவர் டேப்லெட் தானாகவே எடுத்துக்கொள்ளும். என்னிடமும் சொல்லியிருக்கிறாள், நான் காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா முந்திக்கொண்டு எடுத்துவிடுவதால் எனக்கு அது தெரியாமலே இருந்தது. அன்றைக்கு ஒரே ஒரு தடவை மணி அடித்ததும் திரை திறந்துகொண்டது.

மாதா கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் மணி அங்கே யாருக்கும் கேட்கவில்லை. டேப்லெட் வழக்கம்போல் ஷெல்ஃபில் சாய்ந்திருந்தது. எதிரே அப்பாவின் நாற்காலி. வெள்ளைச் சட்டை இல்லை, பனியனோடு இருந்தார், கழுத்தில் துண்டு, முகம் முழுக்க சோப்பு நுரை. அவர் தாடையை ஒரு கை பிடித்திருந்தது. காட்டு வேலையில் தடித்து, நகம் ஒரு பக்கம் பிளந்துபோன கட்டைவிரல். இன்னொரு கையில் ரேசர். செபஸ்தி மச்சான்.

என் முகம் அங்கே தெரியாமல் இருக்க, கேமராவை விரலால் மூடிக்கொண்டேன். பாட்டு நின்றதும் பேச்சு கேட்டது. ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அந்த ஷெல்ஃபுக்கு நேர் மேலே, அப்பா ரிட்டயர் ஆன அன்று பள்ளியில் கொடுத்த கடிகாரம் மாட்டியிருக்கிறது. இருவரும் அதைப் பார்த்துப் பேசினார்கள்.

"கன்னத்தைக் கொஞ்சம் ஊதினாத்தான் பிளேடு நிக்கும்" என்றார் மச்சான், கடிகாரத்திடம்.

அப்பா கன்னத்தை ஊதினார். சற்றுக் கழித்து அவரும் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி ஆறிப்போச்சு. இங்க சொன்னா யாரு கேக்குறா."

மச்சான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், ஆவி பறக்கிற தண்ணீரோடு வந்தார். "நேத்து வச்ச கடலை பாதி உரிக்காமலே கெடக்கு. வலது கையால உரிச்சாத்தான் வெரலுக்குத் தெம்பு வரும்னு பிசியோக்காரரு சொன்னாரு. எடது கையால உரிச்சா என்ன அர்த்தம்."

"வலது கையாலதான் உரிச்சது. எடது கைன்னு பாத்தவங்க யாரு?"

மச்சான் சிரித்தார். அப்பா சிரித்தாரா என்று நுரைக்குள் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு மச்சான் அவரைத் தூக்கி நிறுத்தினார். இடுப்பைச் சுற்றிக் கை போட்டு, விழுந்த காலுக்குத் தன் காலை முட்டுக் கொடுத்து, அப்பா மூச்சு இழுக்கும் வரை காத்திருந்து தூக்கினார். என்றைக்கோ ஒரு நாள் கை கொடுக்கிறவர் அப்படித் தூக்க மாட்டார். ஆளை ஆள் தூக்குவதைப் பார்ப்பதற்குத்தான் பதினைந்து வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன், அது எனக்குத் தெரியும்.

சத்தமில்லாமல் அழைப்பைத் துண்டித்தேன். சான்றிதழ் என் மடியிலேயே இருந்தது.

5

மறுநாள் சேவியரைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். லில்லி சேர்ந்த மாதமே நின்றுவிட்டாள். அவனால் எப்போதாவது ஒரு ஞாயிறு வர முடிந்தால் பெரிது. லில்லி வராத முதல் நாள், அக்கா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் அப்பா பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தார். சத்தம் கேட்டு உள்ளே போன மச்சான்தான் அன்றிலிருந்து தினமும் வருகிறார்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அண்ணே, அம்புட்டு தூரத்துல இருந்துக்கிட்டு நீ மெனக்கெட்டுப் போட்ட சார்ட்டு. சொன்னா அவன் மனசு விட்டுப்போயிரும்னு அக்காதான் சொல்ல வேணாம்னுச்சு. அதோட அப்பாவுக்கு, மச்சான் வாரது வெளிய யாருக்கும் தெரியாதுன்னு ஒரு நெனப்பு. ஒனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா, நாளைக்கே வர வேணாம்னு சொன்னாலும் சொல்லிருவாரு. அப்பறம் அவரை யாருண்ணே பாக்குறது?"

போனை வைத்த பிறகு அப்பாவின் ஹெட்மாஸ்டர் அறை ஞாபகத்துக்கு வந்தது. சுவரில் கலர் கலராக எழுதிய டைம்டேபிள் ஒன்று தொங்கும். இன்ஸ்பெக்ஷனுக்குக் கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. வருகிற அன்று பள்ளிக்கூடம் அதன்படி நடக்கும். மற்ற நாட்களில் திருச்சி பஸ் எப்போது வருகிறதோ அப்போதுதான் கணக்கு வாத்தியார் வருவார், அதற்குத் தக்கபடி பாடங்கள் நகரும். மழை வந்தால் இரண்டு வகுப்பு ஒரே அறையில் உட்காரும். அப்பா ஏமாற்றுக்காரர் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நாங்கள் நன்றாகத்தான் படித்தோம். ஏ.இ.ஓ. வருகிற அன்று மட்டும் வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொள்வார்.

இரண்டு வருஷமாக அந்தச் சட்டையைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோபம் வரவில்லை. அசதிதான் வந்தது. வட்டார அலுவலகத்துக்கு நான் செய்வதைத்தான் அக்கா எனக்குச் செய்திருக்கிறாள். மார்கரெட்டையும் ஜோயையும் சேர்த்துப் போடத் தெரிந்தவனுக்கு, அப்பாவையும் மச்சானையும் சேர்த்துப் போடத் தோன்றவில்லை. இங்கே நான் பக்கத்தில் நிற்கிறேன், மூச்சு இழுப்பது காதில் விழுகிறது. எட்ட இருக்கிறவனுக்கு முறையை விட்டால் கையில் வேறு ஒன்றும் இல்லை. அந்த மென்பொருளை எழுதியவர்களும் பாவம், எங்கள் இல்லத்துக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. படித்த பாடம் தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். நான் இல்லாத வீட்டுக்கு நான் வேறு எதை அனுப்பியிருக்க முடியும்?

சாப்பிடும்போது நிவேதாவிடம் சொன்னேன். பதினாறு வயது, நான் பேசும் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். அவ்வளவு பிரியம் இருந்தால் பேசிவிட வேண்டியதுதானே என்று கேட்டாள். பிரியமா என்னவோ எனக்குத் தெரியாது, பேச்சு இல்லை, அவ்வளவுதான் என்றேன். அது என்ன என்றாள். இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் உறவை முறித்துக்கொண்டார்கள் என்றே வந்தது. முறித்துக்கொண்டவர்கள் ஒரே தேர் வடத்தில் கை வைப்பார்களா? நான் வாக்கியத்தைத் தேடி முடிப்பதற்குள் அவள் தன் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நானே அதைச் சார்ட்டில் தடை என்றுதானே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரிந்தால் போச்சு.

6

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சளி. உள் அறையில் கட்டிலில் படுத்திருந்தார், படுத்தபடியே வெள்ளைச் சட்டை. அங்கே ஷெல்ஃப் இல்லாததால் யாரோ டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா கட்டில் ஓரத்தில் இருந்தாள். சேவியர் வந்திருக்கிறான், அவன்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று நான் கேட்காமலே சொன்னாள். திரையின் ஓரத்தில் நகம் பிளந்த கட்டைவிரல் தெரிந்தது. சரிக்கா என்றேன்.

ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சார்ட் படிதான். நான் திருத்தம் எதுவும் சொல்லவில்லை. சான்றிதழை எடுத்துக் காட்டினேன். அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டார்.

"டைம்டேபிள் போட்டதுக்குப்பா."

அப்பா தாளை விட்டு என்னைப் பார்த்தார். "இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவங்க குடுத்தாங்களாக்கும்."

"ஆமாப்பா."

அவர் பார்வை திரைக்கு மேலே, டேப்லெட்டைப் பிடித்திருந்த ஆள் நிற்கிற பக்கம் ஒரு தடவை போய்விட்டு என்னிடம் திரும்பியது. இடது கையால் தடவித் தடவிக் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"ஆரோக்கியம், ரொம்ப நேரமாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. கை வலிக்கும். உக்காரச் சொல்லு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கட்டைவிரல் அசையவில்லை. அந்த அறைச் சுவரில் கடிகாரம் கிடையாது. அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சொன்னதைச் செய்வேனா என்று.

"மச்சான்" என்றேன். "கை வலிக்கும், உக்காருங்கன்னு அப்பா சொல்றாங்க."

படம் ஆடியது. உத்தரம் தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, மறுபடி அப்பா வந்தார், இந்த முறை கொஞ்சம் கிட்டத்தில். டேப்லெட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வலிக்கலைன்னு சொல்லுங்க மாப்ள. அப்பிடியே அந்த வெந்நியக் குடிக்கவும் சொல்லுங்க. பச்சைத் தண்ணியவே குடிச்சா சளி எப்பிடிப் போகும்?"

"வலிக்கலையாம்ப்பா. வெந்நி குடிக்கச் சொல்றாங்க."

"அதுல வெறகுப் பொகை வாடை அடிக்கிது. போட்டவங்க ஒரு வாயி குடிச்சுப் பாத்தாங்களான்னு கேளு."

கேட்டேன். நிவேதா பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். இருவரும் ஒரே அறையில்தானே இருக்கிறார்கள், நடுவில் உங்களுக்கு என்ன வேலை என்று இங்கிலீஷில் கேட்டாள். பொறு என்று கையைக் காட்டினேன். மச்சான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அதை அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது.